அறை மூலையில் இல்லாத விளக்கு

பல்லக்கா என்றால் அந்த வட்டாரத்துப் பல் மருத்துவர்கள் அனைவருக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கேட்டால் எவரும் வழிகாட்ட மாட்டார். மருத்துவர்கள் நோயாளியின் வாய் அச்சையும் நிறக் குறிப்பையும் சிறு பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். அவள் பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, மின்சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லுக்கு உடன்பிறப்பைப் போன்ற ஒரு பல்லைத் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் நிறம் பொருந்தவில்லை என்று ஒரு பல்கூட அவளிடம் திரும்பி வந்ததில்லை.

அதற்குக் காரணம் தன் கைத்திறன் என்று அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. காரணம் மாடியறைச் சன்னல். அந்தப் பக்கத்தில் வெயில் நேராக விழாது. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வானத்தின் வெளிச்சம் மட்டும், கூடாமலும் குறையாமலும், மேசையின் மேல் வந்து படியும். பகல் வெளிச்சத்துக்கு நிகரானவை என்று விற்கப்படும் விளக்குகள் இரண்டு அவளிடம் உண்டு. கடைசிக்கு முந்தின படி வரை அவற்றின் கீழ்தான் வேலை. ஆனால் இறுதித் தீர்ப்பு சன்னலுடையது. பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்தி நிற்கும் நிறச் சட்டத்தை இடக்கையிலும், சுட்டெடுத்த பல்லை வலக்கை இடுக்கியிலும் பிடித்துச் சன்னலோரம் நிற்பாள். அந்தக் கணத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வீட்டில் பெரும் போர்தான்.

இந்தச் சன்னலுக்கு எதிரே ஒன்பதடித் தொலைவில் ஒரு சுவர் எழும்பப் போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவர், அடுத்த வீட்டுப் பேருந்து ஓட்டுநர். மகள் கணவனோடும் குழந்தையோடும் வந்து தங்கப் போகிறாள். ஆகவே மாடி எடுக்கிறார். அண்டை வீட்டாரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் அனுமதி தரமாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் அமர்ந்தார்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு சொல்லாதீங்க. வேண்டாம்னா வேண்டாம். படிக்கட்டை அந்தப் பக்கம் தள்ளிக்கிறேன். பொண்ணுக்கு ரூம் கொஞ்சம் சின்னதாப் போகும், அவ்ளோதான்."

"சன்னல் வெளிச்சம் போயிடுமோன்னுதான் டிரைவரண்ணா யோசிக்கிறேன்."

"அதைச் சொல்லணும்னா எனக்கு வழி தெரியலையே. பஸ்ஸா இருந்தா ஓட்டிப் பாத்துச் சொல்லிடுவேன்."

இந்த இடத்தில்தான் பல்லக்காவின் கணவர் வாயைத் திறந்தார்.

"ஓட்டியே பாத்துடலாம் டிரைவர் சார். எனக்கு ரெண்டு நாள் குடுங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இந்த ரூம்ல வெளிச்சம் எப்படி வரும்னு, சுவர் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு, வந்ததுக்கு அப்புறம் ஒண்ணு, படமாவே போட்டுக் காட்டிடறேன். என்ன கலர் அடிக்கப் போறீங்க?"

"சிவப்பு. நல்ல செங்கல் சிவப்பு. பொண்ணு கேட்டது. மெயின் ரோட்டுல பஸ்ஸை விட்டு எறங்கும்போதே நம்ம வீடு தெரியணுமாம்."

கணவர் மர அலமாரித் தொழிற்சாலையில் வரைபடம் போடுபவர். வீட்டில் மாலை வேளைகளில் கணினியின் முன் அமர்ந்து அசையும் படங்கள் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்லக்கூடாது, அவருக்குக் கோபம் வரும். உறவினர்களின் சமையலறைகளை அவை கட்டப்படுவதற்கு முன்பே உருவாக்கி, உள்ளே நடந்து போவதைப் போன்ற படம் எடுத்துக் கொடுப்பார். இதுவரை நாற்பது சமையலறைகள். அவர் செய்யும் மாதிரி வீடு வெறும் கோடும் பரப்புமாகக் கிடக்கும். அதன்மேல் ஒளியையும் நிழலையும் நிறத்தையும் கணக்கிட்டு ஏற்றிப் படமாக்கித் தருவது மென்பொருளின் வேலை. அதற்கு ரெண்டர் போடுவது என்று பெயர்.

ரெண்டர் போடுவதில் இரண்டு வழி உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஓர் ஆள் இருந்தார். கணவருடையது வேக வழி: விளக்கிலிருந்தும் வெயிலிலிருந்தும் நேரே வந்து விழும் ஒளி எதன்மேல் விழுகிறது என்று மட்டும் பார்த்து, படபடவென்று நிறம் பூசிக்கொண்டு போய்விடும். மற்றது பல்லக்காவின் அண்ணனுடையது. அவர் லிஃப்டு பழுது பார்ப்பவர். மின்தூக்கிகளின் இருண்ட குழிக்குள் பகலெல்லாம் தலையை விட்டுக்கொண்டிருப்பதாலோ என்னவோ, வெளிச்சத்தின்மேல் அவருக்கு அளவு கடந்த மதிப்பு. அவருடைய மென்பொருள் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான ஒளிக்கதிர்களைத் தேடிப் பிடிக்கும். கதிர் சுவரில் மோதியதா, மோதித் தரையில் விழுந்ததா, தரையிலிருந்து கூரைக்குப் போயிற்றா என்று ஒன்றுவிடாமல் விசாரிக்கும். விசாரணை முடிய நாள்கணக்கில் ஆகும்.

மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கும் ஒரே படத்துக்கு அண்ணன் இரண்டு நாள் எடுத்துக்கொண்ட கதை குடும்பத்தில் பெயர் பெற்றது.

"ஒரு டம்ளர் தண்ணிக்கு ரெண்டு நாளா மச்சான்? தண்ணி லாரிகூட அதுக்கு முன்னாடி வந்துடுமே!" என்றார் கணவர்.

"உங்க படத்துல மேசைக் காலுக்கடியில நிழலே இல்ல மாப்பிள்ளை. மேசை தரையில நிக்குதா, மிதக்குதான்னே தெரியல. சாப்பிட உக்காந்தா கயிறு கட்டித்தான் உக்காரணும்" என்றார் அண்ணன்.

நான்கு ஆண்டுகளாக இந்த வழக்கு நடந்துவந்தது. பல்லக்கா இருவருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். அவளைப் பொறுத்தவரை இருவருடைய படங்களிலும் ஒரே குறைதான்: எல்லாப் பொருளும் அப்போதுதான் கடையிலிருந்து வந்ததைப் போல இருந்தன.

ஓட்டுநருக்குக் கொடுத்த வாக்கின்படி, கணவர் மாடியறையை அளந்தார். மேசை, சூளை, சன்னல் கம்பி, நிறச் சட்டத்தின் பதினாறு பற்கள் வரை ஒன்றையும் விடவில்லை. எதிரே செங்கல் சிவப்பில் ஒரு சுவரை நிறுத்தினார். இருபத்தைந்து விநாடிப் படம்; அடுத்தடுத்து ஓடும் தனிப்படங்களாக, அறுநூறு சட்டகங்கள். இருபது நிமிடத்தில் ரெண்டர் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டுநர் தம் மனைவியோடு வந்தார். திரையில் சூரியன் ஏறி இறங்கிற்று. வானத்தின் நிறம் மாறிற்று. அறைக்குள் மேசை வெளிச்சமாகவே இருந்தது. சுவர் இல்லாத படத்தையும் சுவர் உள்ள படத்தையும் அருகருகே ஓடவிட்டுக் காட்டியபோது, சன்னலுக்கு வெளியே வானம் இருந்த இடத்தில் சிவப்புச் சுவர் நின்றதே தவிர, உள்ளே வேறுபாடு என்று விரல் வைக்க ஓர் இடமில்லை.

"அட, நம்ம சுவரு சினிமால வந்துடுச்சு!" என்று ஓட்டுநர் கை தட்டினார்.

திரையில் அசைகிறது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் மெய்யென்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் இப்போது படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றிப் பரவிவிட்டது. அதே செய்தியைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பல்லக்கா நான்கு முறை படித்து நாற்பது கேள்வி கேட்டிருப்பாள். படமாக ஓடியதால் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கணவருடைய முகத்தில் இருந்த பெருமிதத்தையும் பார்த்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். அதற்குள் எதிரே செங்கல் ஆளுயரத்துக்கு வந்துவிட்டது. படத்தை ஒரு முறை பார்த்தார். இரண்டாம் முறை பார்த்தார். தேநீரைக் குடிக்காமலேயே கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, இது சமையலறை இல்ல. இவ கண்ணை வச்சுப் பொழைக்கிறவ. இதையா காட்டிக் கையெழுத்து வாங்கினீங்க?"

"வாங்கினது நான் இல்ல மச்சான், டிரைவர். அதுல என்ன குறை கண்டீங்க, சொல்லுங்க."

"குறையே இல்ல. அதான் பயமா இருக்கு."

மேற்கொண்டு வாதாடாமல், மாதிரி அறை முழுவதையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார். தம் வீட்டுக் கணினியில் மெதுவான வழியில் போட்டார். ஒரு சட்டகத்துக்குப் பதினொரு நிமிடம். அறுநூறு சட்டகங்களுக்கு நான்கரை நாளுக்கு மேல் ஆயிற்று. இடையில் அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"உங்கண்ணன் அந்தப் பெட்டியை நிறுத்த விடமாட்டேங்கிறாரு. ரூம் அடுப்பாட்டம் கொதிக்குது. ஒரு நல்லது என்னன்னா, துணி எல்லாம் அங்க போட்டா ரெண்டு மணி நேரத்துல காஞ்சுடுது. உனக்கு எதாவது காயப்போடணுமா?"

படம் முடிந்த அன்று அண்ணன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். சுவர் முழு உயரத்துக்கு எழும்பி, பூச்சும் முடிந்து, காய்ந்துகொண்டிருந்தது. சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை. நாளை மறுநாள் வர்ணம் அடிக்க ஆள் வருவதாக ஓட்டுநர் சொல்லியிருந்தார்.

இரண்டு படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அண்ணனுடைய படத்தில் மேசை இருண்டுவிடும் என்று எதிர்பார்த்த பல்லக்கா வியந்தாள். வெளிச்சம் குறையவில்லை.

"பாத்தீங்களா?" என்று கணவர் தொடையில் தட்டினார். "நாலரை நாள் வேகவச்சு எறக்கியும் என்ன ஆச்சு? நான் இருபது நிமிஷத்துல சொன்னதேதான்!"

"வெளிச்சம் இருக்குன்னு பாத்தா போதாது மாப்பிள்ளை. எங்கேர்ந்து வந்த வெளிச்சம்னு பாருங்க. இந்தச் சன்னல்ல வெயில் விழாது. ஆனா எதிர்ச் சுவரு வெயிலைப் பாத்துக்கிட்டுதான நிக்குது? பகல் முழுக்க வெயிலை வாங்கி உள்ள தள்ளுது. தள்ளும்போது தன் கலரையும் சேத்துத் தள்ளுது."

படத்தை நடுப்பகலில் நிறுத்தினார். நிறச் சட்டத்தின் பற்கள் திரை முழுவதும் தெரிந்தன. பதினாறும் ஈறு நிறத்தில் குளித்தெழுந்தவை போல இருந்தன.

திரையைப் பார்த்துப் பல்லின் நிறம் சொல்பவள் பல்லக்கா அல்லள். திரைக்கென்று ஒரு நிறம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்வி அவளைக் குடைந்தது.

"அண்ணா, ரூமும் ஒண்ணு, சுவரும் ஒண்ணு. இவர் படத்துல மட்டும் எப்படி ரெண்டும் ஒரே மாதிரி வந்துச்சு? நேரா வர்ற வெளிச்சத்தை மட்டும்தான் எடுத்துக்கும்னா, வானம் மறைஞ்சதும் இருட்டாத்தானே ஆகியிருக்கணும்?"

அண்ணன் மாதிரி அறையில் உள்ள பொருள்களின் பட்டியலைத் திறந்தார். மேசை, சூளை, சன்னல், சுவர் என்று இறங்கிய பட்டியலில் ஒரு வரியின்மேல் சுட்டியை நிறுத்தினார்.

"இதை நானும் ரெண்டர் போட உக்காந்தப்பத்தான் பாத்தேன். என் படத்துல அதை அணைச்சுட்டேன். மாப்பிள்ளை, ரூம் மூலையில 'விளக்கு நாலு'ன்னு ஒண்ணு எரியுதே, அது எந்த விளக்கு?"

கணவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

வேக வழியில் ஒளி ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். சுவரில் பட்டுத் திரும்பி நாற்காலிக்கு அடியில் நுழைவதெல்லாம் அதற்குத் தெரியாது. அப்படியே விட்டால் படத்தின் மூலை முடுக்கெல்லாம் கரி பூசியதைப் போல இருக்கும். ஆகவே அந்த வழியில் வேலை செய்பவர்கள், பார்ப்பவர் கண்ணுக்குத் தென்படாத ஒரு விளக்கை அறை மூலையில் நிறுத்திவிடுவது வழக்கம். விளக்கு தெரியாது, அதன் வெளிச்சம் மட்டும் தெரியும். கணவர் நாற்பது சமையலறைகளிலும் அதை நிறுத்தியிருந்தார். புதிய மாதிரி தொடங்கும்போதெல்லாம் பழைய கோப்பின் நகலில் தொடங்குவது அவர் பழக்கமாதலால், நாற்பத்தோராவதாக மனைவியின் அறையிலும் அது தானாகவே வந்து நின்றிருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சுவருக்கு முன்பும் அது எரிந்தது; சுவருக்குப் பின்பும் அது எரிந்தது. இரண்டு படங்களும் ஒன்றுபோல் இருந்ததில் வியப்பென்ன?

"அது… எல்லாரும் போடறதுதான்" என்றார் கணவர், மெல்ல.

"என் ரூம்ல இல்லாத விளக்கை ஏத்தி வச்ச படத்தைப் பாத்தா நான் கையெழுத்துப் போட்டேன்?" என்று கேட்டாள் பல்லக்கா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடிதம் அலுவலகத்துக்குப் போய்விட்டது, சுவர் நின்றுவிட்டது. கடிதத்தில் எழுதப்படாதது வர்ணம் ஒன்றுதான். அதுவும் ஓட்டுநரின் மகள் ஆசைப்பட்டது. இந்தச் சன்னல் பொய் சொல்லத் தொடங்கிவிட்டால், நாற்பத்தைந்து நிமிடத் தொலைவில் வேறோர் அறையை வாடகைக்குப் பிடித்து, சூளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அல்லது விளக்கை நம்பிப் பல்லை அனுப்பிவிட்டு, திரும்பி வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"படத்தை விடுங்க. ரெண்டையும் நான் நம்பல" என்று எழுந்தாள். "பீரோவில கெட்டியா ஒரு சிவப்புப் போர்வை இருக்கு, இரட்டைக் கட்டில் போர்வை. ரெண்டு பேரும் அதை எடுத்துக்கிட்டு சாரத்துல ஏறுங்க."

"எதுக்கு?" என்றார் அண்ணன்.

"சன்னலுக்கு நேரா, சுவத்துமேல விரிச்சுப் பிடிங்க. நல்ல வெயில் அடிக்குது. நான் உள்ள நின்னு பல்லைப் பாக்கறேன்."

நான்கு ஆண்டுகளாக ஒளியைப் பற்றி வாதாடிய இருவரும் ஆளுக்கொரு முனையாகப் போர்வையைப் பிடித்துக்கொண்டு, சாரத்துப் பலகைமேல், நடுப்பகல் வெயிலில் நின்றார்கள். உள்ளிருந்து கட்டளைகள் வந்தன.

"மேல தூக்குங்க! அண்ணா, உங்க பக்கம் தொங்குது! இப்ப கீழ விடுங்க! திரும்பத் தூக்குங்க!"

"லிஃப்டு மேலயும் கீழயும் போறதை இத்தனை வருஷம் பாத்தேன், இன்னைக்கு நானே போறேன்" என்றார் அண்ணன்.

"பேசாம பிடிங்க மச்சான், பலகை ஆடுது."

கீழே தம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், என் சுவத்துக்குக் குளிருதா? போர்வை போத்தறீங்க?"

சாரத்தின்மேல் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னலிலிருந்து பல்லக்கா எட்டிப் பார்த்தாள்.

"டிரைவரண்ணா, ஒரு நிமிஷம் மேல வர்றீங்களா?"

அவர் வந்தார். அவள் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். இரண்டு மாதிரிப் பற்களைச் சட்டத்திலிருந்து உருவி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று ஏ-இரண்டு என்ற குறியுடையது, செம்மை கலந்தது. மற்றது பி-இரண்டு, மஞ்சள் கலந்தது. பார்ப்பதற்குப் பழகியவர் ஒரே நோக்கில் பிரித்துவிடுவார்.

"ரெண்டுல எது மஞ்சள், சொல்லுங்க."

ஓட்டுநர் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே தங்கச்சி?"

"போர்வையைக் கீழ விடுங்க!"

போர்வை இறங்கிற்று. ஓட்டுநர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"அடேடே! இது மஞ்சள்! இது எப்படி எனக்குத் தெரியாம போச்சு? திரும்பத் தூக்கச் சொல்லுங்க."

மூன்று முறை தூக்கச் சொன்னார். நான்காம் முறை சாரத்திலிருந்து முணுமுணுப்புக் கேட்டது.

"பிரேக் லைட்டு வெளிச்சத்துல என் கையே வேற ஆள் கை மாதிரி இருக்கும், அந்தக் கதைதான் இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர், சட்டென்று விளங்கியவராக நிமிர்ந்தார். "அப்போ என் சிவப்பு வேண்டாங்கிறீங்க."

பல்லக்கா தலையை அசைத்தாள். ஓட்டுநருடைய முகம் இறுகிற்று.

"தங்கச்சி, நான் அன்னைக்கே கேட்டேன். கலரும் சொன்னேன். சார் படம் போட்டுக் காட்டினாரு, நாங்க புருஷன் பொண்டாட்டி உக்காந்து பாத்தோம், ஒண்ணும் ஆகாதுன்னீங்க. பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். பெயிண்டைக் கலந்தும் வச்சாச்சு. இன்னைக்குப் போர்வையைக் கட்டி வேற காட்டறீங்க. நாளைக்கு இன்னொண்ணு காட்ட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. அதற்குள் கணவரும் அண்ணனும் இறங்கி வந்து மாடியறை வாசலில் நின்றிருந்தார்கள். பல்லக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். 'கம்ப்யூட்டர் சில சமயம் அப்படிக் காட்டும் சார்' என்று ஒரு வாக்கியம் அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். சித்தப்பா வீட்டுச் சமையலறையில் அலமாரிக் கதவு குழாயில் இடித்தபோதும் அதைத்தான் சொன்னார். அந்த வாக்கியம் இப்போது வந்தால், கேட்பவர் அதற்குமேல் கேட்க ஒன்றும் இராது. சிவப்பும் அப்படியே நின்றுவிடும். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். மைத்துனர் பக்கத்தில் நிற்கிறார் என்பது அவர் கழுத்தின் விறைப்பிலேயே தெரிந்தது.

"கம்ப்யூட்டர்…" என்று தொடங்கி, நிறுத்தினார். பிறகு, "கம்ப்யூட்டர் மேல தப்பில்ல டிரைவர் சார். நான் போட்ட படம் தப்பு. ரூம்ல இல்லாத ஒரு விளக்கை நானே உள்ள வச்சுட்டு, அதை எடுக்க மறந்துட்டேன். அதான் எல்லாம் பளிச்சுன்னு இருந்துது. இவ அதை நம்பிக் கையெழுத்துப் போட்டா, நீங்க அதை நம்பிப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்தீங்க. ரெண்டு பேருக்கும் நான்தான் பதில் சொல்லணும். வேணும்னா உங்க பொண்ணுகிட்ட நானே பேசறேன்" என்றார்.

அண்ணன் கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் சொன்னது வேறு.

"மாப்பிள்ளை சொன்னது சரி சார். இவர் அந்த ரூமை அரை அங்குலம் பிசகாம அளந்து செஞ்சிருந்தாரு. அது இல்லன்னா என் படமும் ஒண்ணுக்கும் ஆயிருக்காது."

ஓட்டுநர் இரண்டு பற்களையும் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பேருந்தில் ஒரு பயணி தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்டு வந்து சண்டை போட்டால், ஓட்டுபவர் தவறு யாருடையது என்று பார்ப்பாரா, அவரை ஏற்றிக்கொண்டு போவாரா என்பது அவரவர் குணம்.

"ரோட்டுலேர்ந்து பாத்தா இந்தப் பக்கம் தெரியாதுல்ல?" என்றார் கடைசியில்.

"தெரியாது சார். எந்த மூலையிலேர்ந்து பாத்தாலும் தெரியாது, படம் போட்டுக்…" என்று ஆரம்பித்த கணவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சார், நான் போய் ரோட்டுல நின்னே பாத்துக்கிறேன்!" என்று ஓட்டுநர் சிரித்துவிட்டார். "மூணு பக்கம் சிவப்பு. இந்தப் பக்கம் தங்கச்சி சொல்றது. பெயிண்டர் நாளை மறுநாள் காலையில வருவாரு. அவருகிட்ட நீங்களே பேசிக்குங்க."

இடையில் கிடைத்த ஒரு நாளில் கணவரும் அண்ணனும் ஒரே கணினியின் முன் அமர்ந்தார்கள். வெள்ளையில் ஒன்று, சாம்பலில் ஒன்று என்று இரண்டு சிறிய படங்கள் மட்டும், மெதுவான வழியில். வெள்ளையில் மேசை முன்னைவிட வெளிச்சமாயிற்று. கண் கூசும் அளவுக்கு. சாம்பலில் அடங்கி வந்தது. இரண்டுக்கும் முன்பாக, பார்வை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேக வழியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு அது தேவைதான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டதைக் கணவர் சுவரில் எழுதி வைக்காத குறை.

வர்ணம் அடிப்பவர் வந்தார். நிற அட்டைகளை விசிறி போல விரித்தார்.

"வெள்ளைன்னா நம்மகிட்ட பன்னண்டு இருக்கு அக்கா. பால் வெள்ளை, முத்து வெள்ளை, பஞ்சு வெள்ளை…"

பல்லக்கா அட்டையைச் சன்னலோரம் கொண்டுபோனாள். மறு கையில் நிறச் சட்டம்.

"இது மஞ்சளடிக்குது. இதுல நீலம் இருக்கு. இது… பச்சை."

"பச்சையா? அக்கா, அது பஞ்சு வெள்ளை!"

"பஞ்சு எங்க வெள்ளையா இருக்கு? சாம்பலை எடுங்க. இதுல ஊதா. இதுல கொஞ்சம் செம்மண். இதைத் தனியா வையுங்க. இதுல… இல்ல, இதுவும் நீலம்."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒதுக்கப்பட்ட அட்டைகள் தரையில் குவிந்தன. தேறியது ஒன்று: எந்தப் பக்கமும் சாயாத வெளிர் சாம்பல்.

"முப்பது வருஷமா வீடு வீடா வெள்ளை அடிச்சிருக்கேன்" என்றார் வர்ணம் அடிப்பவர், அட்டைகளைப் பொறுக்கியபடி. "அதுல ஒண்ணுகூட வெள்ளை இல்லன்னு இன்னைக்குத்தான் தெரியுது. வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குவேன்?"

கீழிருந்து ஓட்டுநரின் குரல் வந்தது.

"தங்கச்சி, என்ன இவ்ளோ நேரம்? என் சுவத்துக்குப் பல்லு கட்டறீங்களா?"

இரண்டு பூச்சு முடிந்து, காய்ந்து, சாரமும் பிரிக்கப்பட்ட பின் வந்த திங்கட்கிழமை, பல்லக்கா காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் அமர்ந்தாள். யாரோ ஒருவருக்கான மேல்வரிசை முன்பல் சுட்டு முடித்துத் தயாராக இருந்தது. சன்னலில் வானம் இப்போது மேலே ஒரு முழ அகலப் பட்டைதான். மற்றதெல்லாம் சுவர். வெயில் அதன்மேல் விழுந்து, அங்கிருந்து மேசைக்கு வந்தது. பழைய வெளிச்சத்தைவிடச் சற்றே கூடுதல். கண் பழகச் சில நாள் ஆகும். பல்லை நிறச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்தாள். ஏ-இரண்டு, ஏ-இரண்டாகவே இருந்தது. பி-இரண்டைப் பக்கத்தில் வைத்தாள். விலகி நின்றது. திருப்பினாள்; மறுபடியும் வைத்தாள். சரி என்று மனம் சொல்வதற்கு ஒரு கணம் முன்னதாகப் பல்லின் ஓரத்தில் ஏதோ நிழல் போல, இலேசாக ஒரு நீலம் ஓடிற்று.

அவள் சுவரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். தோளுக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு, இரு கைகளையும் பின்னால் கட்டியபடி, புதுச் சட்டையில் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"சரியா இருக்கா?" என்று கேட்டார், ஏறக்குறைய வாயசைப்பிலேயே.

"இருக்கு. ரெண்டடி தள்ளி நில்லுங்க" என்றாள் பல்லக்கா. "உங்க சட்டை நீலம் பல்லுல விழுது."